மா பூக்கலன்னா இன்சூரன்ஸ் பணம் வருமா?

மார்கழி தையில ராத்திரி நல்லா குளிர்ந்து, மண்ணும் காஞ்சு கிடந்தாதான் மா பூ எடுக்கும். அப்ப மழை விழுந்தா பூ வர வேண்டிய நுனியில தளிர் கிளம்பிடும், வந்த பூவும் மூடுபனியில தத்துப்பூச்சி, சாம்பல் நோய்னு கருகிடும். ஆபீஸ்ல போய் சொன்னா "மரம் நல்லாத்தானே நிக்குது, என்ன சேதம்?"ங்கறாங்க.

இதுக்கு வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு இருக்கு, 2016ல மாத்தியமைச்ச திட்டம். தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுறது காப்பீட்டுத் தொகையில அதிகபட்சம் 5 சதவீதம், மீதி பிரீமியம் அரசு கட்டும்.

முதல்ல உங்க ஏரியாவுக்கு மா அந்த சீசன் அறிவிக்கையில இருக்கான்னு தோட்டக்கலை ஆபீஸ்ல கேளுங்க. மாநில அரசு அறிவிச்சாதான் உண்டு, மகாராஷ்டிராவுல கொங்கண் பக்கத்து அல்போன்சா மாவுக்கு இருக்குன்னா இங்கயும் இருக்கும்னு நம்பிடாதீங்க. வாயால சொல்ற "இருக்கும் இருக்கும்" எல்லாம் செல்லாது, அறிவிக்கை நகலைப் பாருங்க.

அடுத்த பொறி, மழைக்கும் வெயிலுக்கும் உங்க தோப்புக்கு யாரும் வந்து பாக்க மாட்டாங்க. வானிலை நிலையத்துல என்ன பதிவாச்சோ அதான் கணக்கு. உங்க தோப்புல கொட்டித் தீர்த்து அங்க தூறல்னா உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. எந்த தேதியில இருந்து எந்த தேதி வரை, எத்தனை மில்லிமீட்டர் மழை, எத்தனை டிகிரி வெப்பம்னா பணம் வரும்னு ஒரு தாள்ல போட்டிருப்பாங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடியே அதைக் கேட்டு வாங்குங்க. உங்க மரம் பூக்குற நாள் அந்த தேதிக்குள்ள வரலன்னா கட்டுறதே தண்டம்.

அடங்கல்ல, அதாவது கிராம நிர்வாக அலுவலர் எழுதுற பயிர்ப் பதிவேட்டுல, மா ஏறியிருக்கான்னும் பாருங்க, நிறைய பேருக்கு இன்னும் தரிசுன்னே கிடக்கும். பேங்க்ல பிரீமியம் பிடிச்சா மட்டும் போதாது, விண்ணப்ப எண்ணை வாங்கி பயிர்க் காப்பீட்டு போர்ட்டல்ல பேர் இருக்கான்னு பாருங்க. அவங்க தப்பால விட்டுப்போனா பொறுப்பு பேங்க் மேலதான், ஆனா கையில ரசீது இல்லாம அதை யார்கிட்ட நிரூபிப்பீங்க?

இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கு பேரிடர் நிவாரணம்தான் வழி. மத்திய அரசோட 2022-26 நிவாரண விதிப்படி 33 சதவீதமும் அதுக்கு மேலயும் சேதம்னா பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், 2 ஹெக்டேர் வரைக்கும்தான். ஆனா மத்திய அரசோட பேரிடர் பட்டியல்ல புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி, பூச்சித் தாக்குதல் எல்லாம் இருக்கு, பருவம் தப்பிய மழைன்னு தனியா இல்ல. அதனால மனுவுல "பூக்கல"ன்னு மொட்டையா எழுதிக் கொடுக்காதீங்க, தத்துப்பூச்சி நிஜமாவே தாக்கியிருந்தா அதை எழுதுங்க, பூ கருகி நிக்கும்போதே தோட்டக்கலை ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. உதிர்ந்த பிறகு போனா காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது.