பட்டன் போனில் மட்டும் சார்ஜ் எப்படி ஒரு வாரம் நிற்கிறது?

அந்தக் காலத்துப் பேட்டரிகள் தரமானவை, இப்போது வருபவை ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை என்ற பேச்சைச் செல்போன் கடைகளில் அடிக்கடி கேட்கலாம். கணக்கோ வேறு கதை சொல்கிறது. நோக்கியா 2003-இல் வெளியிட்ட 1100 மாடலில் இருந்த பிஎல்-5சி பேட்டரி 850 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது, 3.7 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3.1 வாட்-மணி ஆற்றல். இன்றைய நடுத்தர விலைத் திறன்பேசி ஒன்றின் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியிலோ சுமார் 19 வாட்-மணி, அதாவது ஆறு மடங்கு ஆற்றல், அடங்கியிருக்கிறது. எனினும் 1100-க்கு நிறுவனம் அறிவித்த காத்திருப்பு நேரம் 400 மணி வரை. வகுத்துப் பார்த்தால், யாரும் பேசாமல் கிடக்கும்போது அந்தப் போன் சராசரியாகச் செலவிட்டது வெறும் 8 மில்லிவாட். அதே சிக்கனம் திறன்பேசிக்கும் வாய்த்திருந்தால் ஒருமுறை ஏற்றிய சார்ஜ் மூன்று மாதங்களுக்கு மேல் நிற்க வேண்டும்.

இந்தச் சிக்கனத்தின் அடிப்படை தூக்கம். அழைப்புக்காகக் காத்திருக்கும் போன், டவரின் குரலை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது பெரும்பாலான நேரம் செவியை மூடிக்கொண்டு கிடக்கிறது. 2ஜி எனப்படும் ஜிஎஸ்எம் முறையில், "உனக்கு அழைப்பு வந்திருக்கிறது" என்ற அறிவிப்பை டவர் நினைத்த நேரத்தில் அனுப்புவதில்லை. சிம் கார்டில் பதிந்துள்ள அடையாள எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைக் கொண்டு ஒவ்வொரு போனுக்கும் செவிகொடுக்க வேண்டிய நேரம் ஒதுக்கப்படுகிறது. வலையமைப்பின் அமைப்பைப் பொறுத்து அந்த நேரம் அரை வினாடிக்கு ஒரு தடவையோ, அதிகபட்சம் 2.1 வினாடிக்கு ஒரு தடவையோ வரும். அப்போது மட்டும் போன் விழித்து, ஒவ்வொன்றும் 0.577 மில்லிவினாடி நீளமுள்ள நான்கு அலைத் துணுக்குகளைக் கேட்டுவிட்டு, தன் பெயர் இல்லையென்றால் மறுபடி உறங்கிவிடும். உறக்கத்தின்போது முதன்மைக் கடிகாரச் சுற்றும் நின்றுவிடுவதால், அடுத்த விழிப்பு எப்போது என்பதைக் கணக்கு வைத்துக்கொள்வது, குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களில் இருக்கும் அதே 32,768 ஹெர்ட்ஸ் படிகம்தான்.

ரேடியோவுக்கு அருகில் போனை வைத்திருந்தவர்களுக்கு, மணி அடிப்பதற்குச் சற்று முன்பே ஒலிபெருக்கியில் "டட்-டட்-டட்" என்று ஓர் இரைச்சல் எழுந்தது நினைவிருக்கும். உறக்கத்திலிருந்து எழுந்த போன் டவருக்குப் பதில் அனுப்பத் தொடங்கும் ஓசை அது. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொரு போனும் 4.615 மில்லிவினாடிக்கு ஒருமுறை, தன் பங்கு நேரத்தில் மட்டும், அலையை வீசுகிறது. வினாடிக்கு 217 தடவை நிகழும் இந்த வீச்சே அந்த இரைச்சலாகக் காதில் விழுகிறது. அலைபரப்பி உச்சத்தில் 2 வாட் வரை அலையாக வீசினாலும் எட்டில் ஒரு பங்கு நேரமே இயங்குவதால், பேசும்போதும் வீசும் ஆற்றலின் சராசரி கால் வாட்டைத் தாண்டுவதில்லை.

அலையின் வடிவத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. ஜிஎஸ்எம் அலையின் உயரம் மாறுவதே இல்லை. செய்தி முழுவதும் அதிர்வெண்ணின் ஏற்றத்தாழ்வில் ஏற்றப்படுவதால், அலையை வலுவாக்கி அனுப்பும் பெருக்கியை அதன் முழுத் திறனில், அதாவது மின்சாரம் மிகக் குறைவாக வீணாகும் நிலையில், ஓட்ட முடிந்தது. அதிக வேகத்தில் தரவு அனுப்ப வேண்டிய 4ஜி, 5ஜி முறைகளில் அலையின் உயரம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்குகிறது. எப்போதோ வரும் பெருங்கூட்டத்தை எண்ணி எல்லாப் பந்திக்கும் சமைத்துவைத்தால் மிச்சம் வீணாவதைப் போல, உச்சத்துக்கு ஆயத்தமாக இருக்கும் பெருக்கி மற்ற நேரங்களில் மின்சாரத்தை வெப்பமாக இழக்கிறது. காணொளி அழைப்பு நீளும்போது போன் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் திறன்பேசிக்கு உறங்கத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. 4ஜியிலும் இதே விழித்து உறங்கும் ஏற்பாடு உண்டு, இடைவெளி 2.56 வினாடி வரைகூடப் போகலாம். சிக்கல் விழித்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரே வரி வாட்ஸ்அப் செய்தி வந்தாலும் போன் வலையமைப்போடு முழு இணைப்புக்குள் நுழைகிறது. செய்தி இறங்கி முடிந்த பின்னும், இன்னும் ஏதாவது வரக்கூடும் என்று பல வினாடிகள் அந்த இணைப்பு திறந்தே வைக்கப்படுகிறது. சில நூறு பைட் செய்தியைவிட அதற்குப் பின்வரும் இந்த வெற்றுக் காத்திருப்பே அதிக மின்சாரத்தைத் தின்கிறது. ஒவ்வொரு செயலியும் தன் இஷ்டப்படி இணையத்தை எட்டிப் பார்த்தால் போன் உறங்கவே வழியில்லை என்பதால்தான், 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, அசையாமல் கிடக்கும் போனில் செயலிகளின் வேலைகளையெல்லாம் சேர்த்துவைத்து அவ்வப்போது ஒரே மூச்சில் முடிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பட்டன் போனின் குறுஞ்செய்திக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது 140 பைட்டுக்குள் அடங்கி (தமிழில் தட்டினால் 70 குறியீடுகளோடு முடிந்துவிடும்), அழைப்பை ஏற்படுத்தும் அதே கட்டுப்பாட்டுத் தடத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது.

திரையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. 1100-இன் கருப்பு வெள்ளைத் திரையில் 96-க்கு 65 என 6,240 புள்ளிகள். பகல் வெளிச்சத்தைப் பிரதிபலித்தே எழுத்தைக் காட்டும், பின்விளக்கு இருட்டில் சில வினாடிகளுக்கு மட்டும். திறன்பேசியின் ஏறத்தாழ 26 லட்சம் புள்ளிகள் வெயிலோடு போட்டியிட்டு ஒளிர வேண்டும். வினாடிக்கு 60 முதல் 120 தடவை புதுப்பிக்கவும்பட வேண்டும். போனின் மூளையான கணிப்புச் சில்லிலும் இதே நிலைதான். வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்செலவோ அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும். அதனால்தான் இன்றைய சில்லுகளில் கணக்கிடும் பகுதிகளான பெரிய கருக்களோடு சிக்கனமான சிறிய கருக்களும் வைக்கப்பட்டு, எளிய வேலைகள் அவற்றிடம் விடப்படுகின்றன.

4ஜி மட்டுமே உள்ள வலையமைப்பில் குரலும் இணையத் தரவாகவே போகிறது என்பதால், அதற்கென வந்த பட்டன் போன்களுக்குள் 4ஜி மோடமும் முழுமையான இயங்குதளமும் வந்துவிட்டன. 2017-இல் வந்த ஜியோபோனின் பேட்டரி 2,000 மில்லி ஆம்பியர்-மணி, 1100-இல் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அடுத்த ஆண்டே அதில் வாட்ஸ்அப்பும் வந்தது. அப்படிப்பட்ட போனை வாங்கிவிட்டு பழைய 1100-ஐப் போல வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும் என்று எதிர்பார்ப்பவர், தரவு இணைப்பை அணைத்துவைத்தால் மட்டுமே அதற்குச் சற்று அருகில் போகலாம்.