சின்ன மீனுக்கு எந்தத் தூண்டில் முள்?

தக்கை நாலு தடவை குதிக்கிறது. சுண்டி இழுத்தால் வெறும் முள் வருகிறது, மாவைக் காணோம். ஏரிக்கரையில் கெண்டைக்குத் தூண்டில் போடுகிற எல்லோருக்கும் பழகிய காட்சி இது. கை மெதுவாக இருந்ததாக நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் கோளாறு முள்ளில்தான்.

கெண்டை இரையைக் கடிப்பதில்லை. அதன் தாடையில் பல்லே கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. உதட்டைக் குழல் போல முன்னே நீட்டி, வாய்க்குழியைச் சட்டென்று விரிக்கும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் முன்னால் இருக்கும் தண்ணீர் இரையையும் இழுத்துக்கொண்டு பாயும். இந்த உறிஞ்சலுக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு. வாயின் விட்டம் அளவு தள்ளிப் போனாலே நீரின் வேகம் பெரும்பாலும் விழுந்துவிடும். ஊறிய மாவு உருண்டை மட்டும் என்றால் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே தடித்த இரும்பு இருந்தால் அந்த உருண்டை பின்தங்கும். மீன் ஓரத்தை மட்டும் உதிர்த்துத் தின்றுவிட்டு நகரும். உறுத்தலாக ஏதாவது உள்ளே வந்தாலும் உடனே துப்பிவிடும்.

ஆகவே மீனின் நீளத்தைவிட வாயைப் பார்த்து முள் எடுப்பதே சரி. ஒரு முள்ளின் நீளம், அகலம், கம்பியின் தடிமன் மூன்றையும் பாதியாக்கினால் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் ஒரு படி சின்ன முள்ளுக்கு மாறியதுமே கடி விழத் தொடங்குகிறது.

கடையில் எண் சொல்லி வாங்கும்போது கவனம் வேண்டும். 1-லிருந்து எண் ஏற ஏற முள் சிறுக்கும்: 16-ஆம் எண், 10-ஐவிடப் பொடிசு. விராலுக்குப் போடும் பெரிய முட்களில் 1/0, 2/0 என்று எண்ணோடு முள்ளும் பெரிதாகும். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே அளவுகோலில் எண் போடுவதில்லை. முனைக்கும் தண்டுக்கும் (முள்ளின் நேரான பகுதி) உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

விரல் நீளக் கெண்டைக்கு 16 அல்லது 18, உள்ளங்கை அளவுக்கு 12 முதல் 14 வரை பொருந்தும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஜிலேபி மீன் (திலாப்பியா) 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது; இன்று நம் குளங்களில் நிறைந்திருக்கிறது. அதன் உதடு தடிப்பு, இழுப்பும் பலம் என்பதால் 8 அல்லது 10 போடலாம், கம்பி கொஞ்சம் தடியாக இருக்கட்டும். கெளுத்தி மீசையால் தடவி, சுவை தெரிந்ததும் தயங்காமல் விழுங்கும். அதற்குப் பொடி முள் போட்டால் தொண்டைக்குள் போய்விடும்; 6 அல்லது 8, நீளத் தண்டோடு போடுங்கள். கழற்றும்போது முதுகிலும் இரு பக்கமும் உள்ள அதன் முட்களிடம் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.

முள் கம்பியின் தடிமனும் நரம்பும் (தூண்டில் இழை) ஒரே கணக்கில் வர வேண்டும். மெல்லிய முனையில் விசை மிகச் சிறிய பரப்பில் குவிவதால் லேசான சுண்டலுக்கே உதட்டில் இறங்கும். தடித்த முள் இறங்க ஓங்கி இழுக்க வேண்டும். அந்த இழுப்பை 0.14 மி.மீ. நரம்பு தாங்காமல் அறுந்துவிடும். மெல்லிய முள்ளில் பெரிய ஜிலேபி மாட்டி, தாமரைத் தண்டுக்குள் ஓடினால் வளைவு நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததைக் குறடால் வளைத்து மறுபடி போடாதீர்கள். ஒருமுறை விரிந்த எஃகு அடுத்த முறை அதே இடத்தில் விட்டுக்கொடுக்கும்.

மண்புழுவுக்கு நீளத் தண்டு நல்லது: கோத்து ஏற்ற வசதி, முனை பார்க்கும் திசைக்கும் இழுக்கும் திசைக்கும் உள்ள கோணமும் குறையும், எளிதாக இறங்கும். ஆனால் மீன் துள்ளும்போது நீளத் தண்டு நெம்புகோலாகிக் குத்திய துளையைப் பெரிதாக்கும். மாவுக்குக் குட்டைத் தண்டு போதும்.

முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியை இரை அடைத்துவிடக் கூடாது. சின்னக் கெண்டைக்கு மிளகு அளவு மாவு போதும், முனை நுனி லேசாக வெளியே தெரியலாம். புழுவென்றால் ஒரு சென்டிமீட்டர் துண்டு. வால் நீளமாகத் தொங்கினால் அதை மட்டும் கொத்திக்கொண்டு போகும்.

கூர் பார்க்க, முனையைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்தாமல் இழுங்கள். பிடித்து நின்றால் நல்ல முள், வழுக்கினால் மழுங்கியது. கல்லில் உரசியதும் துரு ஏறியதும் இந்தச் சோதனையில் உடனே தெரிந்துவிடும். பொடி முள்ளை அரத்தில் தீட்டுவதைவிட மாற்றிவிடுவதே மேல்.

முனைக்குக் கீழே பின்னோக்கிச் சாய்ந்த எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் இன்னும் சுலபமாக இறங்கும், கழற்றவும் சுலபம். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் நழுவாது. குஞ்சு வந்தால் கையை நனைத்துக்கொண்டு கழற்றித் தண்ணீரில் விடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல், வாயருகே நரம்பை அறுத்து விடுங்கள்.