மாடியில் சோலார்: முதலில் ஈபி அட்டையைப் பாருங்கள்

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் கரண்ட் ஓடுகிற வீடா? அப்படியானால் மாடியில் சோலார் போடச் சொல்லி யார் வந்து கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் அந்த 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். பில்லே வராத வீட்டில் பேனல் எதை மிச்சப்படுத்தும்? பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துச் சிறிய வீடுகள் பலவற்றுக்கும் இதுதான் பதில்.

பில் கட்டுகிறவர்களுக்கு மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் உண்மையிலேயே நல்ல வாய்ப்பு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். இலக்கு ஒரு கோடி வீடுகள், காலம் 2026-27 நிதியாண்டு வரை. பெயரில் 'இலவச மின்சாரம்' என்று இருந்தாலும் பேனல் இலவசம் இல்லை. கிடைப்பது மானியம்.

பேனலின் திறனைக் கிலோவாட்டில் சொல்வார்கள். முதல் 2 கிலோவாட் வரை ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான். அரசு வைத்திருக்கும் அடிப்படை விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதற்கு 45,000. அதில் முறையே 60, 40 சதவீதம்தான் இந்த மானியம். கடைக்காரர் சொல்லும் விலை இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான் போகும். அதனால் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

எத்தனை கிலோவாட் போடலாம்? நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், அதாவது இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். உங்கள் வீட்டில் 340 யூனிட் ஓடுகிறது என்றால் இலவச 100 போக மீதி 240, அதற்கு ஒரு கிலோவாட்டே ஏறக்குறைய போதும். மழை, மேகமூட்ட நாட்களில் குறையும் என்பதால் ஒரு வருஷத்து ரீடிங்கை எடுத்துவைத்துக் கணக்குப் போடுங்கள். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கட்டண விகிதமே ஏறிவிடுவதால், சோலாரால் அதிக லாபம் அவர்களுக்குத்தான்.

கரி எரிக்காமல் மின்சாரம் எடுக்கும் வழிகள் நமக்குப் புதிதல்ல. ஒகேனக்கல்லில் விழும் காவிரி கீழே மேட்டூர் அணையில் மின்சாரம் எடுக்கும் டர்பைன் சக்கரத்தைச் சுற்றுகிறது. முப்பந்தலில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. கூடங்குளத்தில் அணு பிளக்கும் வெப்பம் தண்ணீரை நீராவியாக்கி டர்பைனைச் சுற்ற வைக்கிறது. மூன்றிலும் ஏதோ ஒன்று சுழன்றாக வேண்டும். பேனலில் சுழல எதுவுமே இல்லை. வெளிச்சம் பட்டதும் சிலிக்கான் தகட்டில் எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்கும். அந்த நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் வீட்டுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக மாற்றுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அதன் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏற ஏற உற்பத்தி சற்றுக் குறையும். அதனால் தளத்தோடு ஒட்டாமல் அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு, தெற்குப் பார்த்துச் சாய்த்து வைப்பார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் ஏறக்குறைய அந்த அளவு சாய்வே போதும். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தென்னை நிழல் ஓரத்தில் விழுந்தாலும் உற்பத்தி நன்றாகவே குறையும். கிருஷ்ணகிரியில் கிரானைட் குவாரிக்கு அருகில் வீடு என்றால் தூசியும் அப்படித்தான்; காலையில் பேனல் சூடாகும் முன் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சரி, விண்ணப்பம். சொந்தக் கூரையும் வீட்டு மின் இணைப்பும் இருக்க வேண்டும். ஏற்கெனவே சோலார் பேனலுக்கு மானியம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் ஈபி இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும். அங்கே பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலிலிருந்துதான் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருந்தால்தான் மானியம் உண்டு. ஐந்து வருஷப் பராமரிப்பு அந்த நிறுவனத்தின் பொறுப்பு. அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து மின்வாரியம் வந்து பார்த்து, வீட்டுக்கு வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்தும். அதன் பிறகே மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். முன்பணத்துக்குத் திணறுகிறவர்களுக்கு 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாத வங்கிக் கடன் இருக்கிறது.

பகலில் மிஞ்சும் மின்சாரம் நெட் மீட்டர் வழியாக மின்வாரியக் கம்பிக்குப் போய்க் கணக்கில் கழியும். ஆனால் கரண்ட் போனால் உங்கள் பேனலும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் மீது உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டரை அப்படிச் செய்திருக்கிறார்கள். அடிக்கடி பவர்கட் ஆகும் ஊரென்றால் பேட்டரியோடு வேலை செய்யும் இன்வெர்ட்டரை முதலிலேயே கேளுங்கள். பேட்டரிக்கென்று தனி மானியம் கிடையாது.