செம்பனை ஓலை அசைந்தால் பாடம் ஏன் உடைகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் டியூஷன் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “மாலையில் படிவம் 5 பிள்ளைகளுக்கு கூகுள் மீட்டில் கணக்கு எடுக்கிறேன். வீட்டுக்குள் லைன் குறைவு என்று வாசலில் போய் உட்கார்ந்தால், லைன் கூடுகிறது. ஆனால் என் முகம் கட்டம் கட்டமாக உடைகிறதாம். லைன் கூடினால் படம் தெளியத்தானே வேண்டும்?”

2020 மார்ச் 18இல் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதிலிருந்து, பாடம் தடைபட்டாலே கைப்பேசிக் கோபுரத்தைக் குறை சொல்லிப் பழகிவிட்டோம். பல நேரம் அது நியாயமும்கூட. ஆனால் இந்த ஆசிரியையின் சிக்கலுக்குக் காரணம், அவர் முதுகுக்குப் பின்னால் காற்றில் ஆடும் செம்பனை.

கேமரா எடுக்கும் காணொளியில் ஒரு படத்துக்கு 1280-க்கு 720 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 24 பிட் (பிட் என்பது 0 அல்லது 1), நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 553 மில்லியன் பிட். கைப்பேசி அனுப்புவதோ ஒன்றிரண்டு மில்லியன்தான். மாறாத பகுதியைத் திரும்ப அனுப்பாமல் விடுவதில் நிறைய மிச்சமாகிறது. மீதியில் பெரும்பங்கைச் சாதிப்பது, எனக்கு மிகப் பிடித்த ஒரு கணக்கு.

படத்தை 8-க்கு 8 புள்ளிகள் உள்ள சிறு சதுரங்களாக வெட்டுகிறார்கள். ஒரு சதுரத்தில் 64 புள்ளிகள், 64 எண்கள். இப்போது 64 கைலிகளை அடுக்கி வைத்ததாக நினையுங்கள். முதல் கைலி ஒரே நிறம். அடுத்தது இடமிருந்து வலமாக மெல்ல வெளுக்கும். பிறகு அகலப் பட்டைகள், பெரிய கட்டங்கள், சிறிய கட்டங்கள். கடைசிக் கைலியில் புள்ளிக்குப் புள்ளி இருளும் ஒளியும் மாறும். இந்த 64ஐயும் தக்க அளவில் கலந்தால் எந்தச் சதுரத்தையும் வரைந்துவிடலாம்! எதில் எவ்வளவு என்று சொல்லும் 64 எண்களைத்தான் கைப்பேசி கணக்கிடுகிறது. பட்டைகள் எல்லாம் கோசைன் அலைகள்; கணக்கின் பெயர் கோசைன் உருமாற்றம், சுருக்கமாக டி.சி.டி.

64ஐக் கொடுத்து 64ஐ வாங்கினால் என்ன லாபம்? வெள்ளைச் சுவர் உள்ள சதுரத்தில் முதல் எண் மட்டும் பெரிது, மற்றவை ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யங்களை வரிசையாக எழுத வேண்டியதில்லை, ‘மீதி எல்லாம் பூஜ்யம்’ என்று ஒரு குறி போதும். செம்பனை ஓலையிலோ ஒவ்வொரு இலை விளிம்புக்கும் நுண்கட்டக் கைலிகள் தேவை. காற்று அடிக்கும்போது அவற்றைப் படத்துக்குப் படம் புதிதாக அனுப்ப வேண்டும். லைன் தாங்காதபோது கைப்பேசி சிறிய எண்களைப் பூஜ்யமாக்கிவிடும். நுண்கட்டங்கள் முதலில் போகும், பிறகு பட்டைகள். கடைசியில் முதல் எண் மட்டும் மிஞ்சி, சதுரம் முழுதும் ஒரே நிறமாகும். பிள்ளைகள் பார்க்கும் கட்டம் அதுதான். வாசலில் கூடிய லைனை ஓலைகளே எடுத்துக்கொள்கின்றன, முகத்துக்குப் போதவில்லை. இன்றைய செயலிகள் சதுரத்தின் அளவை மாற்றிக்கொள்ளும், அடிப்படை இதுவே.

பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, 1972இல் இந்த யோசனைக்காக அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். மிக எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை, மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. உலகம் பார்க்கும் ஜேபெக் படங்கள் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. ‘உடனே என்ன பயன்?’ என்று கேட்டு ஆய்வு நிதியை அளப்பவர்கள் இங்கும் இருக்கிறார்கள். எளிய கணிதத்துக்குச் சிறு தொகையாவது தனியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியைக்கு: வாசலிலேயே உட்காருங்கள், ஆனால் சுவர் முதுகுக்குப் பின்னால் வரட்டும். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் சாய்த்து வையுங்கள்; கை நடுங்கினால் சுவரும் நகரும். எழுத்தின் விளிம்புக்கும் நுண்கட்டங்கள் வேண்டும், ஆகவே தடித்த மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். மழை நாளில் லைன் விழுந்தால் கேமராவை அணைத்துவிட்டுப் பேசுங்கள். குரலுக்கு நொடிக்கு 30 ஆயிரம் பிட் இருந்தாலே தாராளம். கணக்கின் படிகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.