மரத்துப்போன காலை ஜப்பான் வெந்நீரில் வைப்பதற்கு முன்

போன வாரம் மறுபடியும் ஒருவர் வந்தார். ஜப்பான் சுற்றுலா முடித்துத் திரும்பியவர், பத்து வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை நோய் உள்ளவர். அங்கே ஊற்று வெந்நீரில் வைத்ததில் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். சர்க்கரையால் பாத நரம்பு பாதித்து மரத்துப்போனதால் வலி இல்லை, அதனால் ஊருக்கு வந்து காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். மகன் சொன்னது: "இயற்கை வெந்நீர்தானே டாக்டர், கேஸ் அடுப்பில் காய்ச்சியதா என்ன?" இதே வார்த்தையை எத்தனை குடும்பங்கள் என்னிடம் சொல்லிவிட்டன! அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படி வருகிறவர்களின் கதை ஏறக்குறைய ஒன்றுதான். பகலெல்லாம் பள்ளத்தாக்கில் நடை, சாயங்காலம் ஓன்சென் என்கிற வெந்நீர் ஊற்றுக் குளியல். வடக்கே அகிதா பக்கம் போனால் எல்லாமே அடுத்தடுத்து இருக்கும். ஜப்பானிலேயே ஆழமான ஏரி, 423 மீட்டர் ஆழமுள்ள தசாவா. பக்கத்தில் நீலமாக ஓடும் தமா ஆற்றின் தகிகாயெரி பள்ளத்தாக்கு. மலைமேல் நியூட்டோ ஊற்றுகள். கட்டாயம் போய்ப் பாருங்கள். சர்க்கரை இருக்கிறது என்பதற்காக யாரையும் நான் தடுப்பதில்லை. ஆனால் புதுச் செருப்பு போட்டு நடந்ததில் குதிகால் தோல் உரிந்திருக்கும், அது உங்களுக்குத் தெரியாது. அதே காலை அப்படியே வெந்நீரில் வைக்கிறீர்கள்.

சரி, அந்த "இயற்கை" என்ற சொல்லுக்கு வருவோம். இயற்கை என்றால் இதமானது என்று யார் சொன்னது? பெப்பு என்ற ஊரில் 'கடல் நரகம்' என்று ஒரு ஊற்றுக்குளம் உண்டு. பார்க்க அழகான நீலம், சூடு 98 டிகிரி. வேடிக்கை பார்க்க மட்டும்தான் அது. குசாட்சு என்ற ஊற்று ஊரில் நீர் 50 டிகிரிக்கும் மேல் வருகிறது. குளிர்ந்த நீர் கலந்தால் ஊற்றின் தன்மை மாறிவிடும் என்று, நீளமான மரப்பலகைகளால் துழாவியே சூட்டைக் குறைப்பது அந்த ஊர் வழக்கம். அங்கே முன்பு பழைய முறையில் 48 டிகிரி வரை சூடான நீரில் இறங்கினார்கள். அதுவும் மூன்றே நிமிடம், மேற்பார்வைக்கு ஒருவர் நின்றார். தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்களே மூன்று நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். நம் ஆள் கால் ஊறும் தொட்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சூடு போகட்டும், அமிலத்தைப் பாருங்கள். பி.எச். என்பது அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும். குசாட்சு நீரின் பி.எச். அளவு 2-ஐ ஒட்டி இருக்கிறது; தமாகாவா ஊற்றில் ஏறக்குறைய 1.2. எலுமிச்சைச் சாற்றையே விஞ்சும் புளிப்பு அது. 1940-இல் இந்த ஊற்றின் அமிலம் கலந்த தமா ஆற்று நீரை மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் தசாவா ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். அந்த ஏரிக்கே உரிய குனிமாசு என்ற மீன் இனம் அங்கே அழிந்தே போனது. முன்பே வேறு ஏரிகளுக்கு முட்டைகளை அனுப்பி வைத்திருந்ததால், 2010-இல் ஃபுஜி மலை அடிவாரத்து சாய் ஏரியில் அந்த மீன் உயிரோடு இருப்பது தெரியவந்தது. ஒரு மீன் இனத்தையே ஏரியை விட்டுத் துடைத்தெடுத்ததும் இயற்கையான தண்ணீர்தான். பித்தவெடிப்புள்ள குதிகாலை அதில் வைத்துவிட்டு "ஒன்றும் செய்யாது" என்றால் நான் என்ன சொல்ல?

நரம்பு பாதித்த காலுக்குச் சூடு தெரியாது. இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்கு அந்தப் பாதிப்பு இருக்கிறதா என்பது தெரியாவிட்டால், டிக்கெட் எடுக்கும் முன் மருத்துவரிடம் போய்ப் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற சோதனை, சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

போனால் செய்ய வேண்டியவை இவை. காலால் சூடு பார்க்காதீர்கள். முழங்கையால் பாருங்கள், அல்லது சர்க்கரை இல்லாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஜப்பான் அரசின் நுகர்வோர் துறை தன் மக்களுக்கே சொல்லும் அளவு இது. காலில் புண்ணோ கொப்புளமோ இருந்தால் இறங்கவே கூடாது. இன்சுலின் போட்ட கையோடு குளிக்கப் போகாதீர்கள், சூட்டில் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறிச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொட்டியிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள். மது குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள்.

பொதுக் குளியலில் ஆண்களும் பெண்களும் தனித்தனி என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. உங்கள் மாத்திரை, மயக்கம், லோ சுகர் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பார். பல விடுதிகளில் குடும்பத்துக்கென்று தனியாக வாடகைக்குக் குளியலறை தருவார்கள். வயதான தம்பதியர் தயவுசெய்து அதையே எடுங்கள். நீரின் தன்மையையும் யார் குளிக்கக் கூடாது என்பதையும் எழுதிய பலகை பெரும்பாலும் உடை மாற்றும் அறையில்தான் மாட்டியிருக்கும். அங்கே போனை எடுக்கக் கூடாது என்பதால், வரவேற்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி மெட்டி கந்தக நீரில் கறுத்துவிடும், கழற்றி வையுங்கள்.

அப்புறம், கந்தக வாடை வரும் இடங்களில் கயிறு கட்டித் தடுத்திருந்தால் தாண்டாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு பள்ளத்தில் தேங்கும். அளவு கூடினால் மூக்குக்கு வாடையே தெரியாமல் போகும். 2005 டிசம்பரில் அகிதாவின் தோரோயு ஊற்றுப் பகுதியில், பனிக்குழி ஒன்றில் தேங்கிய இந்த வாயுவால் ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தார்கள். ஹாகோனேயில் எரிமலை வாயு வெளிவரும் ஓவாகுதானி பள்ளத்தாக்குப் பக்கம் போகும் ஆஸ்துமா, இதய நோயாளிகள் அங்குள்ள எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று. கடைகளில் விற்கும் 'கைரோ' சூட்டுப் பொட்டலத்தை சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். 44 டிகிரிச் சூடுகூட ஒரே இடத்தில் பல மணி நேரம் பட்டால் ஆழமாகச் சுட்டுவிடும்.

ஒவ்வொரு இரவும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் போன் கேமராவில் படம் எடுத்துப் பாருங்கள். சிவந்திருந்தாலோ கொப்புளம் வந்திருந்தாலோ உடனே இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். மறுநாளே அங்குள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பயணக் காப்பீடு எடுத்திருப்பீர்கள்தானே? ஊருக்கு வந்து என்னிடம் காட்டும்வரை அந்தக் கால் காத்திருக்காது.