டப்பாவில் வரும் கொழுத்த புழு

பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வரும் விவசாயிகளில் பலர் கையில் ஒரு டப்பாவோடு வருவார்கள். உள்ளே நன்கு கொழுத்த புழு ஒன்று நெளியும். "மூன்று தடவை மருந்து அடித்தும் சாகவில்லை, இதைவிட வீரியமாக ஒன்று எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். நான் முதலில் கேட்பது, இலையில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டிய தடம் எந்த நாளில் தென்பட்டது என்பதைத்தான். பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு தடத்தைப் பார்த்த நினைவே இருக்காது. மருந்து தோற்றதற்குப் பாதிக் காரணம் அதிலேயே இருக்கிறது.

மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. அது பயிரைக் கடிப்பதில்லை. பூந்தேன் குடித்து வாழ்கிறது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைக் குவியல் குவியலாக இட்டு, தன் உடலின் செதில்களால் மூடிவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் இலையில் பூஞ்சணம் படிந்ததுபோல்தான் தெரியும். இரண்டு மூன்று நாட்களில் முட்டை பொரிந்துவிடும்.

புழு ஐந்து முறை தோலுரித்து ஆறு பருவங்களைக் கடக்கிறது. வெப்பமான காலத்தில் இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் போதும். அது மொத்தமாகத் தின்னும் இலையை நூறு பங்காகக் கொண்டால், முதல் மூன்று பருவங்களும் சேர்ந்து தின்பது 2 பங்குகூட இல்லை. கடைசிப் பருவம் மட்டும் சுமார் 77 பங்கைத் தின்று தீர்க்கிறது. "நேற்று வரை நன்றாக இருந்தது, ஒரே இரவில் பாழாக்கிவிட்டது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தப் புழு பத்து நாட்களாக அதே செடியில்தான் இருந்திருக்கிறது.

பொரிந்த குஞ்சுப்புழு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும். மெல்லிய தோல் எஞ்சி, கண்ணாடிச் சன்னல்போல் வெளிச்சம் ஊடுருவும். நூலிழை விட்டுக் காற்றில் மிதந்து பக்கத்துச் செடிகளுக்கும் பரவும். சற்று வளர்ந்ததும் குருத்துக்குள் புகுந்துகொள்ளும். அங்கே ஒன்றையொன்று தின்று, கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும். மிஞ்சிய புழுவின் கழிவு ஈரமான மரத்தூள்போல் குருத்தின் வாயை அடைத்துவிடுகிறது. இலைமேல் பனிபோலப் பரவும் மருந்து அந்த அடைப்பைத் தாண்டி எப்படிப் போகும்? அதற்குள் புழுவின் உடலும் பருத்துவிடுவதால், சிறிய புழுவைக் கொல்லும் அளவு அதற்குப் போதுவதில்லை. இன்னும் சில நாட்களில் அது தானாகவே தின்பதை நிறுத்திவிட்டு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போகவிருக்கிறது. அந்த நேரத்தில் செலவழிக்கும் மருந்து யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பயிர் முளைத்த முதல் வாரத்திலிருந்தே வாரம் இரண்டு முறை வயலுக்குள் இறங்குங்கள். வரப்பில் நின்று பார்ப்பது பயன்படாது. ஐந்து இடங்களில் பத்துப் பத்துச் செடிகளாகக் குருத்தை விரித்துப் பார்த்து, புதிய சுரண்டல் எத்தனை செடிகளில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முட்டைக்குவியல் கண்ணில் பட்டால் அங்கேயே நசுக்குங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட புழுக்கள் அந்த ஒரு நொடியில் முடிந்துபோகும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் பூச்சி மட்டுமே விழும். அதைப் புழு ஒழிப்புக் கருவியாக நம்பாமல், பூச்சி வந்துவிட்டது என்று அறிவிக்கும் மணியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிழிந்த இலைகளைக் கண்டு எல்லா நேரத்திலும் பதற வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முழங்கால் உயரம் வரை மக்காச்சோளத்தின் வளர்நுனி மண்மட்டத்துக்குக் கீழேயே இருப்பதால், இலை போனாலும் செடி பெரும்பாலும் மீண்டுவிடும். கதிருக்குள் புழு புகுவதுதான் ஈடுகட்ட முடியாத இழப்பு.

புழு சிறிதாக இருக்கும்போது மென்மையான வழிகளே வேலை செய்யும். வேப்பங்கொட்டைக் கரைசல் புழுவைத் தின்னவிடாது, தோலுரிப்பையும் குலைக்கும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சு, புழு இலையோடு சேர்த்துத் தின்றால்தான் அதன் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து வேலை செய்யும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். சாவதற்குச் சில நாட்கள் ஆகலாம். மறுநாள் காலையில் உயிரோடு இருக்கிறதே என்று அவசரப்பட்டு வேறு மருந்தை அடிக்காதீர்கள். வெயிலில் வீரியம் குறைந்துவிடும் என்பதால் மாலையில் தெளியுங்கள். இந்த பாக்டீரியா 1901-இல் ஜப்பானில் நோயுற்ற பட்டுப்புழுவில்தான் முதலில் கண்டறியப்பட்டது. எனவே பட்டுப்புழு வளர்ப்பவர்களின் மல்பெரித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அதை மறந்தும் பயன்படுத்தக் கூடாது.

இரசாயன மருந்து தவிர்க்க முடியாமல் போனால், தெளிப்பானின் முனையைக் குருத்தை நோக்கி வைத்து உள்ளே இறங்குமாறு அடியுங்கள். ஒரே வகை மருந்தை அடுத்தடுத்துப் பயன்படுத்தினால், அதைத் தாங்கிப் பிழைத்த புழுக்களின் சந்ததிதான் பெருகும். வணிகப் பெயர் மாறியிருந்தாலும் உள்ளே இருக்கும் மூலப்பொருள் ஒன்றாகவே இருக்கலாம். லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். மூன்று நான்கு மருந்துகளை ஒரே டேங்கில் கலந்து அடித்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புழு அப்படியே இருந்தது. அடித்தவருக்குத்தான் தலைசுற்றலும் வாந்தியும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் வயலுக்குள் அனுப்பாதீர்கள். மருந்து தெளித்த தட்டையை, லேபிளில் குறிப்பிட்ட காத்திருப்பு நாட்கள் முடியும் முன் மாட்டுக்கு வெட்டிப் போடாதீர்கள்.

தெளிக்க முடிவெடுக்கும் முன் இன்னொரு முறை செடியைப் பாருங்கள். சோர்ந்து கிடக்கும் புழுவின் அருகில் அரிசி போன்ற வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால், அவற்றைப் புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள். புழுவுக்குள் வளர்ந்து வெளியே வந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள் அவை. சில நாட்களில் அவற்றிலிருந்து புறப்படும் குளவிகள் அடுத்த புழுக்களைத் தேடிப் போகும்.