தினமும் உச்ச எடை

பளுதூக்குதலில், தண்டைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்குவது ஸ்நாட்ச். அதைத் தூக்கும் வீரரை உன்னிப்பாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். கனத்த எடைத்தண்டு அவர் இழுக்கிற வேகத்தில் இடுப்புக்குச் சற்று மேல்வரைதான் வருகிறது. அங்கே அது தயங்கும் கணத்தில் சட்டென்று அதன் அடியில் குந்தி, கைகளை நீட்டித் தாங்கிவிடுகிறார். தண்டு பாதி ஏற, ஆள் பாதி இறங்க, எல்லாம் ஏறக்குறைய ஒரு விநாடியில் முடிகிறது. எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும் என்பது நரம்புக்கு அத்துப்படியாக இருந்தால்தான் இது கூடிவரும்.

பல்கேரியாவின் இவான் அபாஜியேவ் பந்தயம் கட்டியது அந்த நரம்பின் மீதுதான். 1957-இல் தெஹ்ரான் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற அவர், 1960-களின் இறுதியில் தேசிய அணியின் பயிற்சியாளரானார். அன்று கோலோச்சிய சோவியத் முறையில் பலவகைப் பயிற்சிகள் உண்டு. கனமான நாள், லேசான நாள் என்ற பகுப்பும் உண்டு. அபாஜியேவ் இவற்றைப் படிப்படியாகக் களைந்தார். ஸ்நாட்ச், தண்டைத் தோளுக்கு ஏற்றிப் பிறகு தலைக்குமேல் உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க், தண்டைத் தோளில் ஏந்திக் குந்தி எழுவது. கிட்டத்தட்ட இவ்வளவுதான் மிச்சம். அதையும் தினமும், ஒரே நாளில் பலமுறை, அன்று முடிந்த உச்ச எடைவரை.

ஏன் உச்சம்? தசை நார்களைச் சிறிதும் பெரிதுமான நரம்பணுக்கள் இயக்குகின்றன. ஒரு சொம்புத் தண்ணீரை எடுக்கச் சிறியவையே போதும். பெரியவை சோம்பேறிகள், உடம்பு திணறுமளவு சுமை வந்தால்தான் எழுந்திருக்கும். உச்சத்தை நெருங்கும்போதுதான் அவற்றுக்கும் வேலை கிடைக்கிறது. தவிர, 100 கிலோவைத் தூக்கும் லயம் வேறு, 150 கிலோவின் லயம் வேறு. லேசான தண்டில் மட்டும் பழகிய கை கனத்த தண்டிடம் ஏமாந்துபோகும்.

பயிற்சியை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான துண்டுகளாக அவர் உடைத்ததற்கு, அதற்குமேல் போனால் தசையை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது என்று காரணம் சொன்னார். அந்தத் தற்காலிக ஏற்றஇறக்கத்தால் பலத்தில் பெரிய மாற்றமில்லை என்பதே பிற்கால ஆய்வுகளின் போக்கு. இளைப்பாறி வந்தவன் சுத்தமாகத் தூக்குவான் என்பதே எனக்குப் போதுமான விளக்கம்.

1972 மியூனிக் ஒலிம்பிக் பளுதூக்குதலில் பல்கேரியா மூன்று தங்கமும் மூன்று வெள்ளியும் அள்ளியது. அவரிடம் வளர்ந்த நயீம் சுலைமானோக்லு, பின்னர் துருக்கிக்குப் போய், 1988 சியோலில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவை கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கினார். தன் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்!

ஆனால் நரம்பு கற்கும் வேகத்தில், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் தேறுவதில்லை. அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தாங்காதவர்கள் உதிர்ந்தார்கள், தாங்கியவர்களே நம் கண்ணில் பட்டார்கள். தடைசெய்யப்பட்ட மருந்தின் பங்கையும் மறைப்பதற்கில்லை. அதே சியோலில் இரண்டு பல்கேரியத் தங்கங்கள் ஃபியூரோசமைடால் பறிபோயின. அணி பாதியில் ஊர் திரும்பியது. ஃபியூரோசமைடு சிறுநீரைப் பெருக்கும் மருந்து: உடம்பின் நீரை வடித்து எடைப் பிரிவுக்குள் நுழைக்கும், சிறுநீரை நீர்க்கவைத்து மற்ற மருந்துகளின் தடயத்தையும் மங்கச்செய்யும்.

அபாஜியேவ் மீண்டும் பொறுப்பேற்றிருந்த 2000 சிட்னியிலும் அதே மருந்தால் மூன்று பதக்கங்கள் பறிபோயின. அவற்றுள் ஒன்று, ஒலிம்பிக்கில் பெண்கள் பளுதூக்குதலின் முதல் தங்கம். இசபெலா திராக்னேவாவின் கழுத்திலிருந்து அது அமெரிக்காவின் டாரா நாட்டிடம் போய்ச் சேர்ந்தது.